விழித்தெழும் வரிசை: லினக்ஸ் கெர்னலில் சாதன விழிப்பைச் சீர்செய்த வரலாறு

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்கிவிடும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும் என்பது இன்று எல்லோரும் இயல்பாக எதிர்பார்க்கும் ஒன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற 1990-களின் நடுவில் தொடங்கிய உழைப்பு, நூற்றுக்கணக்கான நிரலாளர்களின் கைகளைக் கடந்து இன்றும் தொடர்கிறது. இயங்குதளத்தின் உட்கருவாக இருந்து நுண்செயலி, நினைவகம், சாதனங்கள் ஆகியவற்றை ஆளும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு சாதனத்தையும் நடத்தத் தெரிந்த பகுதி இயக்கி எனப்படும். கணினி உறங்கும்போது இயக்கிகள் தத்தம் சாதனங்களின் நிலையைக் குறித்துவைத்து அவற்றின் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். விழிக்கும்போது மின்சாரத்தை மீட்டு, குறித்துவைத்த நிலையைச் சாதனத்துக்குள் திரும்ப எழுத வேண்டும்.

இவ்வாறு சொல்லும்போது விழிப்பு என்பது உறக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிய செயல் என்றே தோன்றும். தொடக்ககால நிரலாளர்கள் பலரும் அப்படித்தான் கருதினார்கள். ஆனால் உறங்கப் போகும் கணினியில் எல்லாச் சாதனங்களும் நலமாக இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதால், பிழை ஏதும் நேர்ந்தால் அதைத் திரையில் காட்டவும் வட்டில் பதியவும் உறக்கத்தையே கைவிடவும் வழி உண்டு. விழிக்கும் கணினியிலோ திரை இருண்டிருக்கும், வட்டு நின்றிருக்கும், விசைப்பலகை பேசாது. இந்நிலையில் ஏதேனும் ஒரு சாதனம் தவறான வேளையில் தொடப்பட்டால் முழுக் கணினியும் உறைந்துவிடுவதோடு, உறைந்ததற்கான காரணமும் அதனுடன் மறைந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்த வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு குறிப்பிட்ட கருவியின் குறையை மட்டும் மூடிமறைத்த திருத்தங்கள் அந்தக் கருவியோடு மறைந்தன. ஒவ்வொரு இயக்கியும் தனக்குள் ஊகமாக வைத்திருந்ததை எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான விதியாக எழுதிவைத்த திருத்தங்களே நிலைத்தன.

பயாஸ் ஆண்ட காலம்

இன்டெல் நிறுவனம் 1990-இல் மடிக்கணினிகளுக்கென வெளியிட்ட 386எஸ்எல் நுண்செயலி, அமைப்பு மேலாண்மை நிலை என்ற புதிய இயங்குநிலையைக் கொண்டுவந்தது. இயங்குதளத்தின் கண்ணுக்கே படாமல், கணினித் தாய்ப்பலகையில் பொதிந்திருக்கும் பயாஸ் என்ற நிலைபொருள் நுண்செயலியைத் தன்வசப்படுத்திக்கொண்டு மின்சிக்கனப் பணிகளைச் செய்துவிட்டுத் திரும்ப ஒப்படைக்க இந்நிலை இடம்கொடுத்தது. இதன் தொடர்ச்சியாக இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992-இல் வகுத்த ஏ.பி.எம். என்னும் மேம்பட்ட மின்சக்தி மேலாண்மை நெறி, இயங்குதளத்துக்கும் பயாசுக்கும் இடையே சில அழைப்புகளை வரையறுத்தது. உறங்கலாமா என்று பயாஸ் கேட்கும், இயங்குதளம் இசைவு தரும். அதன்பின் சாதனங்களை உறங்கவைப்பதும் எழுப்புவதும் பயாஸின் பொறுப்பு.

லினக்சுக்கான ஏ.பி.எம். இயக்கியை ஆஸ்திரேலியரான ஸ்டீபன் ராத்வெல் 1990-களின் நடுப்பகுதியில் உருவாக்கினார். பயாஸ் செம்மையாக எழுதப்பட்ட கணினிகளில் அது நன்றாகவே இயங்கியது. விழிப்பின் விவரங்களைக் கெர்னல் அறிந்திருக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. ஆனால் பயாசுக்குத் தாய்ப்பலகையில் உள்ளவை மட்டுமே தெரியும்; பயனர் பின்னாளில் செருகிய வலைப்பின்னல் அட்டையோ ஒலி அட்டையோ அதன் அறிவுக்கு அப்பாற்பட்டவை. பயாஸ் தவறு செய்தபோது அதைத் திருத்தும் வழியும் கெர்னலுக்கு இல்லை. கணினியின் மாதிரிப் பெயரைப் படித்து, இன்ன மாதிரிக்கு இன்ன விலக்கு என்று பட்டியலிடுவது ஒன்றே அதனால் முடிந்தது. இந்தப் பட்டியல் முறை பின்வந்த கட்டங்களிலும் மீண்டும் மீண்டும் தலைதூக்கியது.

பொறுப்பு கைமாறியது

இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நெறி, ஆட்சியைப் பயாசிடமிருந்து இயங்குதளத்துக்கு மாற்றியது. நிலைபொருள் நெறிகளை வகுக்கும் யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் பொறுப்பில் 2013 முதல் இருக்கும் இந்நெறி, கணினியின் உறக்கத்தைப் படிநிலைகளாகப் பிரிக்கிறது: எஸ்-0 என்பது விழிப்பு, எஸ்-3 என்பது நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தந்து மற்றெல்லாவற்றையும் அணைக்கும் உறக்கம், எஸ்-4 என்பது நினைவகத்தின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைவது. அவ்வாறே ஒவ்வொரு சாதனத்துக்கும் முழு இயக்கமான டி-0 முதல் முழு அணைப்பான டி-3 வரை நிலைகள் உண்டு.

எந்தச் சாதனத்தை எந்நிலையில் வைப்பது என்ற முடிவு கெர்னலுக்கு உரியதாயிற்று. அந்தந்தத் தாய்ப்பலகைக்கே உரிய நுணுக்கங்கள் மட்டும் ஏ.எம்.எல். என்ற இடைமொழியில் சிறுநிரல்களாகப் பயாசின் அட்டவணைகளில் வைக்கப்பட்டன. இச்சிறுநிரல்களை எந்தத் தருணத்தில் ஓட்டுவது என்பதே முதல் சோதனையாக வந்தது. உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் சிறுநிரல் சாதனங்களை அணைப்பதற்கு முன் ஓட வேண்டுமா, பின் ஓட வேண்டுமா என்பதில் நெறியின் முதல் பதிப்பும் 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பும் வேறுபட்டன. லினக்ஸ் இரண்டாம் பதிப்பின் வரிசையை இயல்பாக்கிக்கொண்டு, பழைய வரிசையை எதிர்பார்க்கும் கணினிகளுக்காகத் தொடக்கக் கட்டளையில் ஒரு விருப்பத்தை ஏற்படுத்தியது. மேலும், கணினித் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் தங்கள் நிலைபொருளை விண்டோஸில் மட்டுமே சோதித்தார்கள் என்பதால், நெறியின் எழுத்தைப் பின்பற்றுவதைவிட விண்டோஸின் நடத்தையைப் பின்பற்றுவதே விழிப்புக்குப் பாதுகாப்பான வழி என்பதை லினக்ஸ் நிரலாளர்கள் படிப்படியாக ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

எஸ்-3 உறக்கத்திலிருந்து விழிக்கும் கணினி கடக்க வேண்டிய பாதையும் எளிதன்று. விழிப்புச் சமிக்ஞை வந்ததும் நிலைபொருள் நினைவகக் கட்டுப்பாட்டகத்தைச் சீர்செய்து, கெர்னல் முன்கூட்டியே குறித்துவைத்த முகவரிக்குக் கட்டுப்பாட்டைத் தாவச் செய்கிறது. அந்தக் கணத்தில் நுண்செயலி 1978-இல் வந்த 8086 சில்லைப் போன்ற 16 பிட் நிலையில் இருக்கிறது. அங்கிருந்து 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் ஏறி, தன் பழைய பதிவகங்களையும் நினைவக அட்டவணைகளையும் மீட்ட பிறகே கெர்னலுக்குத் தான் யார் என்பது தெரியவருகிறது. சாதனங்களை எழுப்பும் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

சாதன மரம்

கெர்னலே நினைவகத்தை வட்டில் எழுதி உறங்கும் முறையைக் காபோர் குட்டி 1998-இல் எழுதத் தொடங்கினார்; செக் நாட்டவரான பாவெல் மாகெக் அதை வளர்த்தெடுத்து 2002-இல், 2.5 என்ற வளர்ச்சித் தொடரின்போது, அதிகாரபூர்வ மூலநிரலில் சேர்த்தார். பேட்ரிக் மோச்செல் 2003-இல் அதிலிருந்து பிரித்தெடுத்த வேறொரு வடிவமும், நைஜல் கன்னிங்ஹாம் கெர்னலுக்கு வெளியே பல ஆண்டுகள் பேணிய மற்றொரு வடிவமும் ஒரே பணிக்குப் போட்டியாக நிலவின. எந்த வடிவம் சிறந்தது என்ற விவாதம் நீண்டாலும், அனைத்துக்கும் பொதுவான இடையூறு வேறிடத்தில் இருந்தது: இயக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு உறங்கவோ விழிக்கவோ தெரியாது.

அந்த இடையூறுக்கு அடிப்படை விடையைத் தந்தது மோச்செலின் மற்றொரு பணியாகும். அதுவரை கெர்னல் சாதனங்களைத் தனித்தனிப் பட்டியல்களாக, அவை இணையும் பாட்டை வாரியாக மட்டுமே அறிந்திருந்தது. எந்தச் சாதனம் எதன் வழியாக நுண்செயலியை அடைகிறது என்ற முழுப் படம் அதனிடம் இல்லை. மோச்செல் வகுத்த பொதுச் சாதன மாதிரி, கணினியிலுள்ள எல்லாச் சாதனங்களையும் ஒரே மரமாக அடுக்கியது. பிசிஐ பாட்டையின் கீழ் யுஎஸ்பி கட்டுப்பாட்டகம், அதன் கீழ் மையப்பெட்டி, அதன் கீழ் விசைப்பலகை என்று தாய்–சேய் உறவு வெளிப்படையானதும், உறங்கும்போது சேய் முதலில், விழிக்கும்போது தாய் முதலில் என்ற விதியைக் கெர்னலின் நடுப்பகுதியே நடைமுறைப்படுத்த முடிந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பு இம்மாதிரியை நிலைநாட்டியது. மின்சிக்கனத்துக்காகவே எழுந்த இந்த மரம் பின்னர் சாதனங்களைக் கண்டறியவும் பெயரிடவும் மேலாளவும் அடித்தளமாயிற்று என்பது, விழிப்புச் சிக்கல் கெர்னலின் கட்டமைப்பையே எவ்வளவு ஆழமாக மாற்றியது என்பதற்குச் சான்று.

இருண்ட திரை

மரம் வந்த பிறகும் பயனர்கள் கண்ட முதன்மையான தோல்வி, கணினி விழித்தும் திரை விழிக்காததே. கணினியை இயக்கும்போது வரைகலை அட்டையைத் தொடங்கிவைப்பது அதற்குள்ளேயே இருக்கும் வீடியோ பயாஸ். எஸ்-3 விழிப்பில் அதை மீண்டும் ஓட்டும் கடமை நிலைபொருளுக்கு விதிக்கப்படவில்லை. விண்டோஸில் அட்டைத் தயாரிப்பாளரின் இயக்கி இப்பணியைச் செய்தது; லினக்ஸிலோ வரைகலை அட்டையை ஆண்டது கெர்னலுக்கு வெளியே இயங்கிய எக்ஸ் என்ற திரைச் சேவையகம் என்பதால், விழிப்பின் தொடக்கக் கட்டத்தில் அட்டையை அறிந்தவர் எவரும் இருக்கவில்லை.

இதைச் சமாளிக்கப் பல உத்திகள் தோன்றின. விழிக்கும் வழியிலேயே, 16 பிட் நிலையில் இருக்கும்போதே, வீடியோ பயாசை அழைத்துப்பார்ப்பது ஒன்று. மேத்யூ காரெட் எழுதிய விபிஇடூல் என்ற கருவியைக் கொண்டு, கணினி எழுந்த பிறகு அந்தப் பயாசை மீண்டும் ஓட்டுவது மற்றொன்று. எந்த மடிக்கணினிக்கு எந்த உத்தி பலிக்கும் என்பதைக் கெர்னல் ஆவணங்களிலேயே மாதிரி வாரியாகப் பட்டியலிட்டார்கள். பயனர்கள் சோதித்துச் சொல்லச் சொல்ல அந்தப் பட்டியல் நீண்டது. அதைத் தொகுத்தவர்களின் பொறுமை போற்றத்தக்கது. ஆயினும் சந்தைக்குப் புதிய மாதிரி வரும் வேகத்தை எந்தப் பட்டியலாலும் எட்ட முடியாது. 2009-இல் 2.6.29 பதிப்பில் இன்டெல் அட்டைகளுக்காகத் தொடங்கி ஏனைய அட்டைகளுக்கும் பரவிய கெர்னல்வழித் திரைமுறை அமைப்பு, வரைகலை அட்டையின் ஆட்சியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. அட்டையைத் தொடக்கத்திலிருந்து நிறுவத் தெரிந்த இயக்கி கெர்னலிலேயே இருந்ததால் வீடியோ பயாசின் தயவு தேவைப்படவில்லை. பல ஆண்டுகள் வளர்ந்த பட்டியல் பயனற்றுப்போனது.

தடயம் தேடிய கலை

விழிப்பின்போது நேரும் உறைவுக்கு எவ்வாறு காரணம் காண்பது என்பது தனியொரு கலையாக வளர்ந்தது. திரையும் வட்டும் இல்லாத நிலையில் தொடர்வரிசைத் துறைமுகத்தின் வழியாகச் செய்தி அனுப்பலாம். ஆனால் மடிக்கணினிகளிலிருந்து அத்துறைமுகம் மறைந்துகொண்டிருந்தது. கெர்னல் 16 பிட் நுழைவாயிலை எட்டியவுடன் கணினியின் ஒலிபெருக்கியில் ஓர் ஒலியை எழுப்பும் விருப்பம் சேர்க்கப்பட்டது. ஒலி கேட்டால் நிலைபொருள் தன் பணியை முடித்துக் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டது என்றும், கேட்காவிட்டால் பிழை அதற்கு முன்னதாகவே நேர்ந்தது என்றும் முடிவு செய்ய முடிந்தது.

இந்தக் கலையின் உச்சமாகக் கருதத்தக்கது, லினக்ஸின் தோற்றுநரான லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-இல் சேர்த்த தடயமுறை. கணினியை வலுக்கட்டாயமாக அணைத்து மீண்டும் தொடங்கினாலும் அழியாமல், விழிப்பின் எந்தக் கட்டத்திலும் எழுதத்தக்கதாக இருக்கும் உறுப்பு ஒன்றே ஒன்று: சிறு மின்கலத்தால் ஓடிக்கொண்டிருக்கும் நேரக்கடிகாரச் சில்லு. டோர்வால்ட்ஸ் அந்தக் கடிகாரத்தையே குறிப்பேடாக்கினார். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பத் தொடங்குமுன் அதன் பெயரையும் நிரலில் அது இருக்கும் இடத்தையும் ஒரு சுருக்க எண்ணாக்கி, அந்த எண்ணை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்ற வடிவில் கடிகாரத்தில் கெர்னல் எழுதுகிறது. 100 ஆண்டுகள், 12 மாதங்கள், எந்த மாதத்திலும் இருக்கக்கூடிய 28 நாட்கள், 24 மணிகள், மூன்று மூன்று நிமிட இடைவெளியில் 20 நிலைகள் ஆகியவற்றைப் பெருக்கினால் 1,61,28,000 மதிப்புகள், அதாவது ஏறத்தாழ 24 பிட் அளவுக்கு இடம் கிடைக்கிறது. அதில் நிரலின் இடத்துக்கு 997, சாதனத்துக்கு 1009, பிற குறிப்புக்கு 16 என்று பங்கிடப்பட்டது. கணினி உறைந்த பிறகு மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் தொடங்கினால், கெர்னல் கடிகாரத்தைப் படித்து, கடைசியாகத் தொடப்பட்ட சாதனத்தோடு பொருந்தும் பெயரைச் சொல்லிவிடும். கணினியின் தேதி பொருளற்றதாகிவிடும் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை.

இதனுடன், உறக்கத்தின் பாதையைப் பாதிவரை சென்று ஐந்து வினாடிகள் காத்திருந்து திரும்பும் சோதனை நிலைகளும் சேர்ந்தன. நிரல்களை மட்டும் நிறுத்துதல், சாதனங்களையும் உறங்கவைத்தல், கூடுதல் நுண்செயலிகளையும் அணைத்தல் என்று படிப்படியாகச் சென்று, எந்தப் படியில் விழிப்பு முறிகிறது என்பதை எந்தப் பயனரும் கண்டறிய முடிந்தது. மாதிரிப் பெயர்ப் பட்டியலுக்குச் செய்தி சொல்பவராக மட்டும் இருந்த பயனர், பிழையின் இடத்தைச் சுட்டுபவராக உயர்ந்தார். பின்வந்த பொதுத் திருத்தங்களுக்கு வேண்டிய சான்றுகள் இவ்வழியாகவே திரண்டன.

குறுக்கீடுகளை அடக்குதல்

அவ்வாறு திரண்ட சான்றுகள் சுட்டிய பெரும் பிழைகளுள் ஒன்று குறுக்கீடு தொடர்பானது. ஒரு சாதனம் நுண்செயலியின் கவனத்தைக் கோரி எழுப்பும் சமிக்ஞை குறுக்கீடு எனப்படும். பிசிஐ பாட்டையில் பல சாதனங்கள் ஒரே குறுக்கீட்டுக் கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். கம்பியில் சமிக்ஞை எழுந்ததும் அதைப் பகிரும் ஒவ்வோர் இயக்கியும் தன் சாதனத்தின் பதிவகத்தைப் படித்து, சமிக்ஞை தன்னுடையதா என்று பார்க்கும். விழிப்பின் நடுவே ஒரு சாதனம் எழுந்துவிட்டது, அதே கம்பியிலுள்ள மற்றொன்று இன்னும் டி-3 நிலையில் கிடக்கிறது என்று கொண்டால், முதலாவதன் சமிக்ஞைக்கு இரண்டாவதன் இயக்கியும் அழைக்கப்படும். உறங்கும் பிசிஐ சாதனத்தைப் படித்தால் எல்லாப் பிட்களும் ஒன்றாகவே வரும். அதை உண்மை மதிப்பு என்று நம்பிய இயக்கி முடிவில்லாத சுழற்சியில் சிக்கலாம், அல்லது கணினியே உறையலாம். மாறாக, யாரும் உரிமை கோராத சமிக்ஞை தொடர்ந்து எழுந்தால், ஒரு இலட்சம் குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் கவனிப்பாரற்றுப் போனதைக் கண்டதும் கெர்னல் அக்கம்பியையே துண்டித்துவிடும். அதில் இருந்த நலமான சாதனங்களும் உடன் செயலிழக்கும்.

ஒவ்வோர் இயக்கியும் இந்த ஆபத்தைத் தனித்தனியாகத் தடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்றியவர், மின்சக்தி மேலாண்மைப் பகுதியின் பராமரிப்பாளராகப் பொறுப்பேற்றிருந்த போலந்து நாட்டவரான ரஃபாயெல் விசோட்ஸ்கி. 2008-இல் அவர் அறிமுகப்படுத்திய புதிய செயற்பாட்டுத் தொகுதி, நினைவக உறக்கத்துக்கும் வட்டு உறக்கத்துக்கும் தனித்தனிச் செயல்களை வகுத்து, ஒரே செயலுக்குள் பல நோக்கங்களை இயக்கிகள் ஊகித்துக்கொண்டிருந்த குழப்பத்தை நீக்கியது. 2009-இல் 2.6.30 பதிப்பில் வந்த மாற்றம், சாதனங்களின் குறுக்கீடுகள் அனைத்தையும் கெர்னலின் நடுப்பகுதியே அடக்கிவைக்கும் ஒரு கட்டத்தை ஏற்படுத்தியது. அந்த அமைதியான கட்டத்தில் பிசிஐ சாதனங்கள் யாவும் டி-0 நிலைக்கு ஏற்றப்பட்டு, அவற்றின் அடிப்படைப் பதிவகங்கள் மீட்கப்பட்ட பிறகே குறுக்கீடுகளுக்கு வழி திறக்கப்படுகிறது. இயக்கியின் முறை வரும்போது சாதனம் படிக்கத்தக்க நிலையில் இருக்கும் என்பது உறுதியாயிற்று. பற்பல இயக்கிகளில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்த, பலவற்றில் பிழையாக எழுதப்பட்டிருந்த வரிகளை ஓரிடத்தில் ஒருமுறை சரியாக எழுதிவைத்த இந்த மாற்றம், விழிப்பின் வரலாற்றில் முதன்மையான திருப்பமாக மதிக்கத்தக்கது.

மில்லிவினாடிகளின் மதிப்பு

சரியான வரிசையில் தொடப்பட்ட சாதனமும் போதிய அவகாசம் இல்லாமல் தொடப்பட்டால் விழிக்காது. டி-3 நிலையில் மின்சாரம் முற்றிலும் நீங்காமல் இருந்த பிசிஐ சாதனத்துக்கு எழுந்தபின் 10 மில்லிவினாடிகளும், மின்சாரம் முற்றிலும் நீங்கியிருந்த சாதனத்துக்கு 100 மில்லிவினாடிகளும் தர வேண்டும் என்பது பொது விதி. யுஎஸ்பி நெறி, உறங்கும் சாதனத்தை எழுப்பும் சமிக்ஞையைக் குறைந்தது 20 மில்லிவினாடிகள் நிறுத்திவைக்கச் சொல்கிறது. லினக்ஸின் யுஎஸ்பி கட்டுப்பாட்டக இயக்கிகள் பெரும்பாலும் சரியாக 20 மில்லிவினாடிகளையே கொடுத்துவந்தன. கடிகாரக் கணக்கின் சிறு பிசகால் அது சில வேளைகளில் 20-க்குக் கீழே விழுந்ததோடு, பல சாதனங்களுக்கு உண்மையில் அதைவிட நீண்ட அவகாசமும் தேவைப்பட்டது. 2015-இல் இந்த அளவு 40 மில்லிவினாடிகளாக உயர்த்தப்பட்டு, எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான ஒரே மாறிலியாக எழுதப்பட்டது. ஒரு வரித் திருத்தம் போலத் தோன்றினாலும், எங்கெங்கோ சிதறிக் கிடந்த எண் ஓரிடத்தில் பெயர் பெற்றதால் அது இனி ஒருவர் கவனத்துக்கும் தப்பாது.

யுஎஸ்பி சாதனங்களின் அடையாளச் சிக்கல் இன்னும் நுட்பமானது. உறக்கத்தின்போது கட்டுப்பாட்டகம் மின்சாரத்தை இழந்தால், விழித்த கெர்னலுக்கு எல்லாச் சாதனங்களும் பிடுங்கிச் செருகப்பட்டவை போலத் தோன்றும். திறந்திருந்த கோப்புகளோடு ஒரு விரலி நினைவகம் இருந்தால் அக்கோப்புகள் அறுந்துபோகும். ஆலன் ஸ்டெர்ன் 2006 முதல் 2008 வரை செப்பனிட்ட நிலைபேறு முறை, விழிப்புக்குப் பின் அதே துளையில் இருக்கும் சாதனத்தின் விவரக்குறிப்புகளை முன்பு பதிந்தவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பழைய சாதனமாகவே ஏற்றுக்கொள்கிறது. உறக்கத்தின்போது ஒத்த வகைச் சாதனமொன்று மாற்றிச் செருகப்பட்டால் கோப்புமுறை சிதையக்கூடும் என்ற ஆபத்தை அவருடைய ஆவணம் மறைக்காமல் எச்சரிக்கிறது.

உறவு முறையும் இணை விழிப்பும்

பிழைகள் குறையத் தொடங்கியதும் வேகத்தின் மீது கவனம் திரும்பியது. நூற்றுக்கணக்கான சாதனங்களை ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொன்றின் அவகாசத்துக்கும் தனித்தனியே காத்திருந்தால் விழிப்பு பல வினாடிகள் நீளும். 2010-இல் வந்த 2.6.34 பதிப்பு, ஒன்றையொன்று சாராத சாதனங்களை ஒரே நேரத்தில் எழுப்ப வழிசெய்தது. வரிசையாக எழுந்த காலத்தில் தற்செயலாகக் காக்கப்பட்டு வந்த ஒழுங்குகள் அப்போது வெளிப்பட்டன: மரத்தில் தாய்–சேய் உறவில்லாத இரு சாதனங்களுக்கிடையேயும் சார்பு இருக்கக்கூடும் என்பது தெரிந்தது. தண்டர்போல்ட் இணைப்பு இதற்குத் தக்க சான்று. அதன் கட்டுப்பாட்டகம் விழித்து, வெளிச்சாதனங்களுக்கான சுரங்கப் பாதைகளை மீண்டும் நிறுவிய பிறகே அதன் செருகுதுளைகள் விழிக்க வேண்டும். மரத்திலோ கட்டுப்பாட்டகம் துளைகளுக்குத் தாய் அன்று, துளைகளே அதற்குப் பெரியம்மா சித்தி முறையில் அமைந்திருக்கின்றன. தாய்க்காகக் காத்திருக்கச் சொல்லும் விதி இங்கே உதவாது.

2017 பிப்ரவரியில் வெளியான 4.10 பதிப்பில் விசோட்ஸ்கி சேர்த்த சாதனத் தொடுப்புகள், வழங்குநர், பெறுநர் என்ற இரண்டாம் வகை உறவை மரத்தோடு இணைத்தன. இன்ன சாதனம் இன்னதைச் சார்ந்தது என்று இயக்கி ஒருமுறை அறிவித்துவிட்டால், உறக்கத்திலும் விழிப்பிலும் அந்த வரிசையைக் காக்கும் பொறுப்பை நடுப்பகுதி ஏற்றுக்கொள்கிறது. சாதன மரம் தொடங்கிவைத்த பணி, பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலான காலம் கழித்து இவ்வாறு நிறைவை நெருங்கியது.

எழுப்புவது யார்

விழிப்புக்குக் காரணமான நிகழ்வைத் தவறவிடாமல் இருப்பதும் கெர்னலின் கடமை. கணினி உறங்கத் தொடங்கிய கணத்தில் ஒரு விசை அழுத்தப்பட்டால், அந்தச் செய்தி பாதி வழியில் இருக்கும்போதே கணினி உறங்கிவிட்டுச் செய்தி தொலையலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், வேலை இல்லாத ஒவ்வொரு கணத்திலும் முழு உறக்கத்தை நாடியதால், அவற்றில் இந்த இழப்பு பொறுக்க முடியாததாயிற்று. கூகிள் பொறியாளர்கள் இதற்கென எழுதிய விழிப்புப் பூட்டுகளைப் பொதுக் கெர்னலில் சேர்ப்பது குறித்து 2009-லும் 2010-லும் கடுமையான விவாதம் நடந்தது. விசோட்ஸ்கி வகுத்த மாற்று வழி 2010-இல் 2.6.36 பதிப்பில் வந்தது: விழிப்பு நிகழ்வுகளை எண்ணிக்கொண்டே இருந்து, உறங்கத் தொடங்கியபின் எண்ணிக்கை மாறியிருந்தால் உறக்கத்தைக் கைவிடுவது. 2012-இல் 3.5 பதிப்பு தானியங்கு உறக்கத்தையும் ஆண்ட்ராய்டின் பூட்டுகளுக்கு இணையான இடைமுகத்தையும் சேர்த்து அந்த விவாதத்துக்கு முடிவு தந்தது.

உறங்காத உறக்கம்

விண்டோஸ் 8 இயங்குதளம் 2012-இல் கொண்டுவந்த இணைப்புடன் கூடிய காத்திருப்பு, கணினியை எஸ்-0 நிலையிலேயே வைத்துக்கொண்டு சாதனங்களைத் தனித்தனியே ஆழ்ந்த ஓய்வுக்கு அனுப்பும் முறையைப் பரப்பியது. அதன்பின் வந்த பல மடிக்கணினிகள் எஸ்-3 உறக்கத்தையே வழங்குவதில்லை. லினக்ஸ் 2013-இல் 3.9 பதிப்பில் இதற்கு இணையான ஓய்வுநிலை உறக்கத்தைச் சேர்த்தது. இதில் நிலைபொருளின் பங்கு மிகக் குறைவு. 16 பிட் நிலையிலிருந்து ஏறிவரும் பாதையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு சாதனம் ஓய்வுக்குச் செல்லாவிட்டாலும் முழுக் கணினியும் ஆழ்ந்த நிலையை எட்டாது. மின்கலம் பையிலேயே தீர்ந்துபோகும். மூடி, மின்கலம், விசைகள் முதலியவற்றைக் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டகம் அனுப்பும் ஒவ்வொரு சமிக்ஞையும் உண்மையான விழிப்புக் காரணமா, வெறும் வெப்பநிலை மாற்றமா என்று கெர்னல் பிரித்தறிந்து, தேவையில்லையெனில் மீண்டும் ஓய்வுக்குத் திரும்ப வேண்டியுள்ளது.

இக்கட்டத்திலும் பட்டியல்கள் ஒழிந்துவிடவில்லை. 2019-இல் 5.3 பதிப்பு என்விஎம்இ வகைச் சேமிப்பகங்களை முழுவதும் அணைக்காமல் அவற்றின் குறைமின் நிலையிலேயே ஓய்வெடுக்க விட்டபோது, அந்நிலையிலிருந்து சரிவர மீளாத சில சாதனங்களுக்கு விலக்குப் பட்டியல் தேவைப்பட்டது. யுஎஸ்பி சாதனங்களைப் பயன்பாடு இல்லாத இடைவெளிகளில் தானாக உறங்கவைக்கும் வசதியும், அச்சுப்பொறிகளும் வருடிகளும் விழிப்பில் அடிக்கடி தவறியதால், மையப்பெட்டிகள் நீங்கலாகப் பெரும்பாலான சாதனங்களுக்கு இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டுள்ளது. நெறியை மீறும் வன்பொருள் விற்கப்படும்வரை அதன் பெயரைக் குறித்துவைக்கும் தேவையும் இருக்கும்.

ஆயினும் அந்தப் பட்டியல்களின் இடம் மாறிவிட்டது என்பதே இந்த வரலாறு காட்டும் முன்னேற்றம். ஏ.பி.எம். காலத்தில் பட்டியலைத் தவிர வேறு மருந்தில்லை. இன்று பட்டியல் என்பது பொது விதிக்கு விலக்கு, விதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தாய் முதலில் எழ வேண்டும், பதிவகங்கள் மீளும்வரை குறுக்கீடு அடங்கியிருக்க வேண்டும், சார்பு உண்டெனில் அறிவிக்க வேண்டும், அவகாசம் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும், விழிப்பு நிகழ்வு எண்ணப்பட வேண்டும் என்ற இந்த விதிகள் ஒவ்வொன்றும் எண்ணற்ற உறைவுகளிலிருந்து கற்றவை. புதிதாக ஓர் இயக்கி எழுத வருபவர் அந்த உறைவுகளை மீண்டும் பட்டறிய வேண்டியதில்லை. வகுக்கப்பட்ட கட்டங்களுக்கு உரிய செயல்களை நிரப்பினால் போதும். பிழையைத் திருத்துவதற்கும் பிழை நேரும் வழியையே அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்பும் எந்தத் துறையினருக்கும், லினக்ஸ் கெர்னலின் விழிப்புப் பகுதி கற்கத்தக்க ஒரு பாடமாகவே விளங்குகிறது.